இரவுச் சாப்பாட்டை முன்னே நகர்த்துங்கள்: இராமநாதபுரம் கரையோரத்துக்கு ஒரு விரத வழிகாட்டி

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நம் கரையோர ஊர்களில் வயிற்றைக் காயப்போடுவது யாருக்கும் புதிதில்லை. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் ரமலான் மாதம் முழுக்க நோன்பு. தங்கச்சிமடத்தில் தவக்காலம். இராமேஸ்வரத்தில் ஏகாதசி, சஷ்டி, அமாவாசை. இப்போது செல்போன் வழியாக வந்திருப்பது இன்டர்மிட்டென்ட் ஃபாஸ்டிங் என்கிற, மணிக்கணக்குப் பார்த்துச் சாப்பிடும் முறை. நாளில் இத்தனை மணி நேரத்துக்குள் சாப்பாட்டை முடித்துவிட வேண்டும், மீதி நேரம் தண்ணீர் மட்டும். கூடவே ஏகப்பட்ட வாக்குறுதிகளும் வந்திருக்கின்றன: தொப்பை கரையும், சுகர் ஓடிப்போகும், முதுமை தள்ளிப்போகும்.

நான் மண்டபம் பக்கம் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். இதைப் பற்றிக் கேட்க வருகிறவர்கள் பெரும்பாலும் காலைச் சாப்பாட்டை நிறுத்திச் சில நாள் ஆன பிறகுதான் வருகிறார்கள். கையில் சுகர் மாத்திரை அட்டை இருக்கும். "சாப்பாட்டைத்தாம்மா விட்டிருக்கேன், மாத்திரைய ஒருநாள்கூட விடல" என்று பெருமையாகச் சொல்வார்கள். கேட்கிற எனக்குத்தான் பதறும். அதனால் இந்தக் கட்டுரையில் கடிகாரத்துக்கு முன்னால் மாத்திரை வருகிறது.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மில் பெரும்பாலானவர்களுக்கு 16 மணி நேரம், 18 மணி நேரம் என்று பட்டினி கிடக்கத் தேவையில்லை. இரவுச் சாப்பாட்டை 7 மணி வாக்கில் முடித்து, மறுநாள் காலை வரை 12 முதல் 14 மணி நேரம் வயிற்றுக்கு ஓய்வு கொடுத்தால் போதும். கிடைக்கக்கூடிய நன்மையில் பெரும்பகுதி அதிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

சுகர் மாத்திரைகள் எல்லாம் ஒரே மாதிரி வேலை செய்வதில்லை. மெட்ஃபார்மின் மட்டும் சாப்பிடுகிறவருக்குச் சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை ஆபத்தாக இறங்குவது அபூர்வம். ஆனால் கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபென்கிளமைடு ஆகியவை கணையத்தை வற்புறுத்தி இன்சுலின் சுரக்க வைப்பவை. நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் அவை தங்கள் வேலையைச் செய்துகொண்டே இருக்கும். காலை 7 மணிக்கு அந்த மாத்திரையைப் போட்டுவிட்டு 11 மணி வரை வெறும் வயிற்றோடு வெயிலில் நின்றால், சர்க்கரை 70-க்குக் கீழே இறங்கிவிடலாம். இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும் இதே கதைதான்.

அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதை விட்டுவிடுங்கள். கூடவே பொடி எழுத்தில் மருந்தின் உண்மையான பெயரும் மில்லிகிராம் அளவும் அச்சடித்திருக்கும். இப்போது நிறைய விற்பது கூட்டு மாத்திரை: ஒரே மாத்திரைக்குள் மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்தே இருக்கும். கம்பெனிப் பெயருக்குப் பின்னால் எம்1, எம்2 என்று ஒட்டியிருந்தால் பெரும்பாலும் அது கூட்டு மாத்திரைதான். "எனக்கு மெட்ஃபார்மின் மட்டும்தான்" என்று நம்பிக்கொண்டிருக்கிறவர் கையிலேயே இது இருக்கும். எழுத்து புரியாவிட்டால் எந்த மருந்துக்கடையிலும் காட்டிக் கேளுங்கள். அட்டையைக் கத்தரிக்கும்போது பெயர் இருக்கிற பகுதி போய்விடும், அதனால் முழு அட்டையாகக் கொண்டுபோவது நல்லது.

இன்னொரு வகை, டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின். இவை சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியே தள்ளும், கூடவே தண்ணீரும் போகும். நெடுநேரம் பட்டினி கிடந்தால், கொழுப்பு எரியும்போது உண்டாகும் கீட்டோன் என்கிற அமிலம் ரத்தத்தில் ஏறும் ஆபத்து இதில் உண்டு. சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேயே இது நடக்கலாம் என்பதால் வீட்டில் இருக்கிறவர்கள் கண்டுபிடிப்பது கஷ்டம். வாந்தி, வயிற்றுவலி, மூச்சு வாங்குவது எல்லாம் சேர்ந்து வந்தால் ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும்.

பிரஷருக்கு நீர் மாத்திரை சாப்பிடுகிறவர்கள், வலை இழுத்து இடுப்புவலி வந்து டைக்ளோஃபினாக் போட்டுக்கொள்கிறவர்கள், இவர்களும் கவனிக்க வேண்டும். வலி மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் குடல் புண்ணாகும். அதோடு உடம்பில் தண்ணீரும் வற்றியிருந்தால் சிறுநீரகத்தைப் பிடிக்கும். நம் வெயிலில் இரண்டும் சேர்ந்து நடப்பது சாதாரணம்.

மருத்துவரிடம் போய் "விரதம் இருக்கலாமா" என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். "இரவு 7 மணிக்குச் சாப்பிட்டு முடித்து மறுநாள் காலை 8 மணிக்குச் சாப்பிடப் போகிறேன், இந்த மாத்திரைகளின் நேரத்தையோ அளவையோ மாற்ற வேண்டுமா" என்று கேளுங்கள். அவரும் தெளிவாகப் பதில் சொல்வார். நீங்களாக எதையும் நிறுத்த வேண்டாம்.

சிலருக்கு இது வேண்டவே வேண்டாம்

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், 18 வயதுக்குட்பட்டவர்கள், டைப் 1 சர்க்கரை நோயாளிகள், சிறுநீரக நோய் உள்ளவர்கள், பிஎம்ஐ (உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் அளவு) 18.5-க்குக் கீழே இருப்பவர்கள், சாப்பாட்டை வெறுத்து ஒதுக்கும் மனநிலை முன்பு வந்து போனவர்கள் தொடங்க வேண்டாம். வயதானவர்களையும் இதில் சேர்ப்பேன். ஏற்கெனவே இரவில் இரண்டு இட்லியோடு நிறுத்திக்கொள்ளும் எழுபது வயது அம்மாவுக்கு, மகன் வெளிநாட்டிலிருந்து வீடியோ அனுப்பினான் என்பதற்காக அதையும் நிறுத்திவிடக் கூடாது. அவருக்கு வேண்டியது ஒரு முட்டை கூடுதலாக.

மூன்று நாள் எழுதி வையுங்கள்

எதையும் மாற்றாமல், மூன்று நாளைக்கு முதல் வாய் எப்போது, கடைசி வாய் எப்போது என்று மட்டும் குறித்து வையுங்கள். சீனி போட்ட டீயும் வாய்தான். விடியற்காலையில் மீன் இறங்குதளத்தில் குடிக்கும் டீ, பத்து மணிக்கு வடை, மதியச் சாப்பாடு, நாலு மணி டீயும் முறுக்கும், இரவு பத்தரைக்குப் பரோட்டா. கூட்டிப் பார்த்தால் பதினேழு மணி நேரத்துக்கு மேல் வயிறு வேலை செய்துகொண்டே இருப்பது தெரியும். இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு பலருக்கு அறிவுரையே தேவைப்படுவதில்லை.

அதோடு நாலு அளவு எடுத்துக்கொள்ளுங்கள். எடை, இடுப்புச் சுற்றளவு, பிரஷர், வெறும் வயிற்றுச் சர்க்கரை. இடுப்பு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் பெண்களுக்கு 80-ம் தாண்டினால் அதிகம். பிஎம்ஐ நம்மவர்களுக்கு 23-ஐத் தொட்டாலே கூடுதல் எடைதான். பிரஷரையும் சர்க்கரையையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பணியாளரிடமும் சொல்லிப் பார்த்துக்கொள்ளலாம்.

உள்ளே என்ன நடக்கிறது

சாப்பிட்டதும் ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது, இன்சுலின் வந்து அதைத் திசுக்களுக்குள் அனுப்புகிறது, மிச்சத்தைக் கல்லீரலில் கிளைக்கோஜனாகவும் உடம்பில் கொழுப்பாகவும் சேர்த்து வைக்கிறது. இன்சுலின் அதிகமாக இருக்கும் வரை கொழுப்பு வெளியே வராது. சாப்பாட்டை நிறுத்திக் கிட்டத்தட்ட 12 மணி நேரம் ஆகும்போது கல்லீரல் சேமிப்பு நன்றாகக் குறைந்து, உடம்பு கொழுப்பை எடுத்துச் செலவழிக்கத் தொடங்குகிறது. இரவு பத்தரைக்குச் சாப்பிட்டு விடியற்காலை டீயோடு தொடங்குகிறவர் உடம்பு அந்தக் கட்டத்துக்குப் போகவே வாய்ப்பில்லை.

அடுத்த விஷயம் பலருக்குத் தெரியாது. அதே சோற்றைக் காலையில் சாப்பிடுவதற்கும் இரவு பத்து மணிக்குச் சாப்பிடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. காலையில் இன்சுலின் நன்றாக வேலை செய்யும். இருட்டிய பிறகு மெலடோனின் என்கிற தூக்க ஹார்மோன் சுரக்கத் தொடங்கியதும் கணையம் மந்தமாகிவிடும். 2018-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடந்தது. சர்க்கரை நோய் எட்டிப்பார்க்கும் நிலையில் இருந்த எட்டு ஆண்களுக்கு 6 மணி நேரத்துக்குள் சாப்பாட்டை முடிக்கச் சொன்னார்கள், கடைசிச் சாப்பாடு மதியம் 3 மணிக்குள். ஐந்து வாரத்தில் எடை குறையாமலேயே இன்சுலின் செயல்பாடும் பிரஷரும் முன்னேறின. எட்டுப் பேர் என்பது ரொம்பச் சின்ன எண்ணிக்கைதான். ஆனால் நேரம் என்பதற்கே தனியாக ஒரு பங்கு இருக்கிறது என்று அது காட்டியது.

2020-ல் 116 பேரை வைத்து 12 வாரம் நடந்த இன்னொரு ஆய்வில், மதியம் 12 முதல் இரவு 8 வரை மட்டும் சாப்பிட்டவர்களுக்கும் வழக்கம்போல மூன்று வேளை சாப்பிட்டவர்களுக்கும் எடைக் குறைவில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. குறைந்த கொஞ்சத்திலும் தசை நிறையப் போயிருந்தது. அதாவது காலைச் சாப்பாட்டை விட்டவர்களுக்கு, எதிர்பார்த்தது கிடைக்கவில்லை. 2022-ல் சீனாவின் குவாங்சௌவில் 139 பேரிடம் ஒரு வருடம் சோதித்தார்கள். எல்லோருக்கும் உணவின் அளவைக் குறைத்தார்கள், பாதிப்பேருக்கு மட்டும் காலை 8 முதல் மாலை 4 வரை என்று நேரமும் குறித்தார்கள். இரு பிரிவிலும் எடை குறைந்தது, ஆனால் நேரம் குறித்ததால் பெரிய கூடுதல் பலன் வரவில்லை. ஆக எடையைக் குறைப்பது சாப்பாட்டின் அளவுதான். நேரக் கட்டுப்பாடு அந்த அளவைக் குறைக்க ஒரு சுலபமான வழி, அவ்வளவே. எதையும் எடைபோட்டுக் கணக்கு எழுதாமல் "7 மணிக்கு மேல் வாயைத் திறக்க மாட்டேன்" என்று ஒரே ஒரு விதியோடு இருப்பது நம் வீடுகளுக்குப் பொருந்துகிறது. அதனால்தான் இதைப் பரிந்துரைக்கிறேன்.

2023-ல் வெளிவந்த ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்கிறார்கள். மாத்திரை தொடங்காத அந்த இரண்டாவது கூட்டத்துக்கு இந்த முறை ரொம்பப் பொருத்தம் என்று நினைக்கிறேன். ஆபத்து குறைவு, லாபம் அதிகம்.

பன்னிரண்டில் தொடங்குங்கள்

முதல் இரண்டு வாரம் இரவு ஏழரை முதல் காலை ஏழரை. இதற்கே சிலருக்குச் சிரமமாக இருக்கும், பரவாயில்லை. பழகியதும் இரவுச் சாப்பாட்டை அரைமணி நேரம் முன்னே இழுங்கள். ஒரு வாரம் கழித்து இன்னொரு அரைமணி. 13 அல்லது 14 மணி நேரத்தில் நின்றுகொள்ளுங்கள். இடைவெளியைக் கூட்ட வேண்டுமென்றால் இரவுப் பக்கம்தான் கூட்ட வேண்டும், காலைச் சாப்பாட்டைத் தள்ளித் தள்ளி மதியத்துக்குக் கொண்டுபோகக் கூடாது.

இதில் உண்மையான தடை பசி இல்லை, வீட்டு நடைமுறை. நம் வீடுகளில் பெண்கள் கடைசியில் சாப்பிடுகிறார்கள். பிள்ளைகளுக்குப் போட்டு, மாமனாருக்குப் போட்டு, வெளியே போன வீட்டுக்காரர் ஒன்பதரைக்கு வந்து அவருக்கும் போட்டு, பாத்திரம் கழுவிவிட்டு உட்காரும்போது பத்தரை ஆகிவிடும். மிச்சத்தை வீணாக்கக் கூடாது என்று இரண்டு கரண்டி சேர்த்தும் சாப்பிடுவார்கள். அப்புறம் "எனக்கு மட்டும் ஏன் சுகர் வந்துச்சு" என்று என்னிடம் கேட்பார்கள். அக்கா, லாத்தா, உங்கள் எல்லோரிடமும் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். 7 மணிக்குப் பிள்ளைகளோடு உட்கார்ந்து நீங்களும் சாப்பிட்டுவிடுங்கள். தாமதமாக வருகிறவருக்கு மூடி வைத்தால் போதும், அவரே போட்டுக்கொள்வார். வீட்டு ஆண்கள் இதைப் படித்தால் தயவுசெய்து நீங்களே முதலில் சொல்லுங்கள். நீங்கள் சொன்னால்தான் அவர்கள் உட்காருவார்கள்.

சாப்பிடாத நேரத்தில் தண்ணீர், சீரகத் தண்ணீர், பாலும் சீனியும் இல்லாத வரட்டீ, வரக்காப்பி குடிக்கலாம். பால் டீ, மோர், நீராகாரம், இளநீர் எல்லாம் உணவுக் கணக்கில் வரும். பதநீர் பலருக்கு மறந்துவிடும். இயற்கையானது என்பதால் விரதத்தில் குடிக்கலாம் என்று நினைக்கிறார்கள், ஆனால் 100 மில்லியில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கிறது. நுங்கும் பதநீரும் சாப்பாட்டு நேரத்துக்குள் இருக்கட்டும். தண்ணீரை மட்டும் தாராளமாகக் குடியுங்கள். முதல் வாரம் வரும் தலைவலிக்குப் பெரும்பாலும் தண்ணீர் குறைந்ததும், வழக்கமான டீ நின்றதும்தான் காரணம்.

கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, பேச்சு தடுமாறுவது இவை வந்தால் அந்த நிமிடமே விரதத்தை முறியுங்கள். மூன்று டீஸ்பூன் சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்துச் சர்க்கரையைப் பாருங்கள். 70-க்குக் கீழேயே இருந்தால் இன்னொரு முறை குடியுங்கள், சரியானதும் ஏதாவது சாப்பிடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108-க்குக் கூப்பிடுங்கள்.

முதல் சாப்பாடு

"நேத்துலேர்ந்து சாப்பிடலையே" என்று பூரி செட்டோடு தொடங்கினால் இருந்த விரதம் வீண். முதல் சாப்பாட்டில் புரதம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மேலே சொன்ன ஆய்வில் நடந்த மாதிரி தசை கரையும். ஐசிஎம்ஆர் கணக்குப்படி ஒரு நாளைக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தேவை. 60 கிலோ உள்ளவருக்குச் சுமார் 50 கிராம். 100 கிராம் மீனில் ஏறக்குறைய 20 கிராம் இருக்கிறது, ஒரு முட்டையில் 6 கிராம். கடற்கரையில் இருந்துகொண்டு இதற்காகப் பவுடர் டப்பா வாங்க வேண்டியதில்லை. சாளையும் நெத்திலியும் போதும். சைவம் சாப்பிடுகிறவர்களுக்குப் பாசிப்பயறு, கொண்டைக்கடலைச் சுண்டல், தயிர்.

காலையில் கேழ்வரகுக் கூழ் அல்லது குதிரைவாலிக் கஞ்சி, கூட ஒரு முட்டை. நேற்று வைத்த மீன் குழம்பைச் சூடாக்கி இரண்டு இட்லிக்குத் தொட்டுக்கொள்வதும் அருமையான காலைச் சாப்பாடுதான். கருவாடு ருசியாக இருந்தாலும் உப்பு மிகுதி, பிரஷர் உள்ளவர்கள் அடிக்கடி எடுக்க வேண்டாம். நாற்பது தாண்டியவர்கள் உட்கார்ந்து எழும் பயிற்சியைத் தினமும் கொஞ்சம் செய்யுங்கள். தசையைக் காப்பாற்ற அதுவும் தேவை.

கடல், பாசி, உப்பளம்

நகரத்து அலுவலகத்தில் ஏசியில் உட்கார்ந்திருப்பவருக்கு எழுதிய அட்டவணை நம் வேலைகளுக்கு ஒத்துவராது.

கடலுக்குப் போகிற நாளில் மணிக்கணக்கே வேண்டாம். விசைப்படகோ நாட்டுப்படகோ, வலை இழுக்கிற உடம்புக்கு எரிபொருள் வேண்டும். நடுக்கடலில் மயங்கி விழுந்தால் ஆம்புலன்ஸ் வராது. போகும் முன் வீட்டில் சாப்பிடுங்கள், கடலில் வழக்கமான நேரத்துக்குச் சாப்பிடுங்கள், கரைக்கு வந்த பிறகு தூங்கும் நேரத்தை மட்டும் வெறும் வயிறாக விடுங்கள். சுகர் உள்ளவர்கள் தண்ணீர் புகாத பையில் சீனியும் ஓஆர்எஸ் பாக்கெட்டும் சுற்றி வைத்துக்கொள்வது கட்டாயம். படகில் ஒருவருக்காவது அந்தப் பை எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். விசைப்படகுத் தொழிலாளர்களுக்குத் தொடங்க நல்ல காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. வேலை குறைவு, ஆனால் சாப்பாடு மட்டும் குறையாது என்பதால் எடை ஏறுவதும் அந்த மாதங்களில்தான்.

பாசி எடுக்கப் போகிற பெண்களிடம் இதைக் கண்டிப்பாகவே சொல்வேன். வெறும் வயிற்றோடு தண்ணீரில் இறங்காதீர்கள். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சைப் பிடித்து மூழ்கி, பாறையிலிருந்து பாசியைப் பிய்த்துக்கொண்டு மேலே வருவதை நாள் பாதி செய்கிறீர்கள். தண்ணீருக்கடியில் ஒரு நொடி தலைசுற்றினாலும் உயிருக்கு ஆபத்து. பாசிக்குப் போகாத நாட்களில் இரவுச் சாப்பாட்டை முன்னதாக முடித்தால் போதும்.

வாலிநோக்கம் பக்கம் உப்பளத்தில் வேலை செய்கிறவர்கள் காலைச் சாப்பாட்டை விடவே கூடாது. வெயில் ஏறுவதற்குள் வேலையைத் தொடங்க விடியற்காலையிலேயே கிளம்புவீர்கள். மாலை ஆறரைக்குச் சாப்பிட்டு, காலை ஐந்தரைக்குக் கஞ்சி குடித்துவிட்டுப் போனால் 11 மணி நேரம் ஆகிறது. உங்களுக்கு அதுவே நல்ல அளவு.

நோன்பு இருப்பவர்களுக்கு

ரமலான் நோன்பை இன்டர்மிட்டென்ட் ஃபாஸ்டிங் ஆய்வுகளோடு சேர்த்துப் பேசுகிறார்கள். இரண்டும் வேறு. நோன்பில் பகலில் தண்ணீரும் கிடையாது, சாப்பாடு இரவுக்கு மாறுகிறது. அதன் நோக்கமும் வழிபாடுதான். அதனால் இந்த ஆய்வு முடிவுகளை அப்படியே நோன்புக்குப் பொருத்திப் பார்க்க முடியாது. நோன்பு வைக்கும் சர்க்கரை நோயாளிகளுக்குச் சர்வதேச வழிகாட்டுதல் ஒன்று இருக்கிறது: சர்க்கரை 70-க்குக் கீழே போனாலோ 300-க்கு மேலே போனாலோ உடனே நோன்பை முறிக்க வேண்டும். நோயாளிக்கும் பயணிக்கும் குர்ஆனிலேயே சலுகை இருக்கிறது. விரலில் குத்திச் சோதிப்பதால் நோன்பு முறியாது என்று மார்க்க அறிஞர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள், சோதிக்காமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

நோன்புக் கஞ்சி நோன்பு திறக்க ரொம்ப நல்ல உணவு. அரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், பூண்டு, தேங்காய்ப்பால் எல்லாம் குழைந்து, காய்ந்த வயிற்றுக்குத் தண்ணீரையும் உப்பையும் புரதத்தையும் ஒன்றாகக் கொடுக்கிறது. கெடுதல் பக்கத்துத் தட்டில் இருக்கிறது: வடை, சமோசா, ரோஸ் கலர் சர்பத், அப்புறம் இரவு முழுக்க ஒவ்வொன்றாக. சுகர் உள்ளவர்கள் ஒரு பேரீச்சம்பழம், கஞ்சி, கொஞ்ச நேரம் கழித்து அளவான சாப்பாடு என்று நிறுத்திக்கொள்ளலாம். தொதல் என்கிற இனிப்பை ஒரு துண்டோடு முடித்துக்கொள்ளுங்கள்.

ஏகாதசிக்குச் சோற்றை விட்டுவிட்டு மூன்று வேளையும் உப்புமா, வடை, பாயசம் என்று பலகாரம் சாப்பிட்டால் உடம்புக்கு அது விரதமே இல்லை. தவக்காலத்தில் ஒரு வேளை மட்டும் சாப்பிட்டு இருக்கிறவர்கள் அந்த ஒரு வேளையை இரவுக்கு வைக்காமல் மதியத்துக்கு வைத்துக்கொள்வது மேல்.

வயசாவது தள்ளிப்போகுமா

இதைத்தான் எல்லோரும் ஆசையாகக் கேட்கிறார்கள். 1935-ல் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிளைவ் மெக்கே, உணவைக் குறைத்துக் கொடுத்த எலிகள் நீண்ட நாள் வாழ்வதைக் காட்டினார். அன்றிலிருந்து இந்தத் தேடல் நடக்கிறது. 2024-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு 960 பெண் சுண்டெலிகளை வாழ்நாள் முழுக்கக் கவனித்தது. இஷ்டப்படி தின்றவை சராசரியாக 25 மாதம் வாழ்ந்தன, வாரம் ஓரிரு நாள் பட்டினி கிடந்தவை 28 மாதம், உணவை 40 சதவீதம் குறைத்தவை 34 மாதம். இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு ஒன்று. குறைத்துத் தின்றவற்றிலும், எடையைப் பெரிதாக இழக்காமல் தாக்குப்பிடித்தவைதான் அதிக நாள் இருந்தன. மெலிவதும் நீண்ட ஆயுளும் ஒன்றல்ல என்பதை நினைவில் வையுங்கள்.

குரங்குகளில் நடந்த இரண்டு நீண்ட ஆய்வுகள் முதலில் ஒன்றுக்கொன்று முரணாக முடிந்தன. விஸ்கான்சினில் ஆயுள் கூடியது, அமெரிக்க அரசின் முதுமை ஆய்வு நிறுவனத்தில் கூடவில்லை. மனிதர்களில் இருநூற்றுச் சொச்சம் பேரை வைத்து 2 வருடம் நடந்த காலரி என்ற ஆய்வில், 25 சதவீதம் உணவைக் குறைக்கச் சொன்னார்கள், முடிந்தது சுமார் 12 சதவீதம்தான். அவர்களுடைய ரத்தத்தை அளந்து பார்த்து, முதுமையின் வேகம் 2 முதல் 3 சதவீதம் குறைந்ததாக 2023-ல் சொன்னார்கள். அது கலோரியைக் குறைத்ததன் பலன். மணி பார்த்துச் சாப்பிட்டதன் பலன் என்று சொல்ல முடியாது.

ஆட்டோஃபேஜி பற்றியும் கேட்பீர்கள். செல் தன்னுள் சேரும் பழுதான பகுதிகளைத் தானே செரித்து மறுபடி பயன்படுத்தும் வேலை அது. அது எப்படி நடக்கிறது என்பதை ஈஸ்டில் கண்டுபிடித்ததற்காக ஜப்பானின் யோஷினோரி ஓசுமி 2016-ல் நோபல் பரிசு பெற்றார். பட்டினியில் அது அதிகரிக்கும் என்பது உண்மை. ஆனால் மனித உடம்பில் "சரியாக 16-வது மணி நேரத்தில் தொடங்கும்" என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பி நேரத்தை நீட்டாதீர்கள், அப்படி உறுதியாக அளந்து சொன்ன ஆதாரம் இல்லை.

எதிர்ப்பக்கச் செய்தியும் உங்களுக்கு வந்திருக்கும். 2024-ல் அமெரிக்க இதயச் சங்கத்தின் மாநாட்டில், 8 மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிப்பவர்களிடம் இதயநோய் மரணம் 91 சதவீதம் அதிகம் என்று ஒரு ஆய்வை முன்வைத்தார்கள். மக்கள் இரண்டு நாள் சாப்பிட்டதை நினைவிலிருந்து சொன்னதை வைத்துப் போட்ட கணக்கு அது. நோயாலோ வறுமையாலோ குறைவாகச் சாப்பிட்டவர்களும் அதில் இருந்திருக்கலாம். விரதம்தான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. இருந்தாலும் 8 மணி நேரம், 6 மணி நேரம் என்று சுருக்கிக்கொண்டே போக வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூன்று மாதம் கழித்து

கல்யாணம், திருவிழா, சந்தனக்கூடு வந்தால் போய் நன்றாகச் சாப்பிடுங்கள். மறுநாள் அதை ஈடுகட்டப் பட்டினி கிடக்காமல், வழக்கமான நேரத்துக்குத் திரும்பினால் போதும். வாரத்தில் ஐந்து நாள் ஒழுங்காக நடந்தாலே நல்லது.

வாரத்துக்கு ஒரு கிலோவுக்கு மேல் எடை இறங்கினால் நிறுத்துங்கள். வேகமாக மெலிந்தால் பித்தப்பையில் கல் சேரும். மாதவிலக்கு தப்பினாலோ, முடி கொத்தாகக் கொட்டினாலோ, எப்போதும் எரிச்சலாக இருந்தாலோ சாப்பாடு போதவில்லை என்று அர்த்தம். பழையபடி சாப்பிடத் தொடங்கிவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.

எல்லாம் சரியாகப் போனால் மூன்று மாதம் முடிந்ததும் முதலில் எடுத்த அதே நாலு அளவையும் மறுபடி எடுங்கள். சர்க்கரை உள்ளவர்கள் எச்பிஏ1சி சோதனையும் செய்யுங்கள், அது கடந்த மூன்று மாதச் சராசரியைக் காட்டும் என்பதால் அதற்கு முன்னால் பார்த்துப் பயனில்லை. எடை அப்படியே இருந்து இடுப்பு இரண்டு சென்டிமீட்டர் குறைந்திருந்தாலும் அது முன்னேற்றம்தான். இரண்டுமே அசையவில்லை என்றால் மறுபடியும் மூன்று நாள் எழுதிப் பாருங்கள், பெரும்பாலும் மதியச் சோறு கூடியிருக்கும். எண்கள் நன்றாக இறங்கியிருந்தால், மாத்திரையை நீங்களாகப் பாதியாக உடைக்காமல், ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய் அளவைக் குறைக்கலாமா என்று கேளுங்கள்.